அருள்நாதன் வக்கீல் முதலில் கேட்பது

“மொதல்ல உங்க பக்கத்துப் பொய்யச் சொல்லிடுங்க” என்பார் அருள்நாதன் வக்கீல். வந்தவர் இன்னும் பெஞ்சில் சரியாக உட்கார்ந்திருக்க மாட்டார். தோளிலிருந்த துண்டை மடியில் போட்டுக்கொண்டு, தன் நியாயத்தை எங்கிருந்து தொடங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பார். “உண்மையக் கோர்ட்டுல சொல்லிக்கலாம், அதுக்கு அங்க நேரம் கொடுப்பாங்க. பொய்ய இங்கயே எறக்கி வச்சிடுங்க. எதிர்த்த வக்கீலு அத எடுத்து எம்மேல வீசறப்ப எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்ல?”

இந்தக் கேள்விக்கு ரோஷப்பட்டு எழுந்து போனவர்கள் பலர். பொன்மலையில் ரயில்வே கார்டாக இருந்த ஒருவர், “எங்க பரம்பரையிலயே பொய் கெடையாதுங்க” என்று சொல்லிவிட்டு விசுக்கென்று படியிறங்கினார். மறுநாள் காலையில் அதே மனிதர் வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். “வாங்க, வாங்க. சுவரா, கெணறா?” என்றார் வக்கீல். அடுத்த வீட்டுக்காரரைக் கேட்காமல் தான் இடித்த சுவர் இவருக்கு எப்படித் தெரிந்தது என்று கார்டுக்கு ஒரே ஆச்சரியம். “வீட்டு வழக்குன்னா இந்த ரெண்டுல ஒண்ணாத்தான் இருக்கும். உக்காருங்க, காப்பி சாப்பிடலாம்” என்றார் வக்கீல்.

ஆள் குள்ளம், கோட்டு பெரிது. அதைத் தைத்த பாய், இந்தப் பிள்ளை இன்னும் வளரும் என்று நம்பித்தான் அளவெடுத்திருக்க வேண்டும். மேலப்புதூரிலிருந்து கோர்ட்டுக்கு சைக்கிளில் போவார். கோட்டை மடித்து கேரியரில் வைத்து, அதன்மேல் கட்சிக்காரர்களின் வழக்குக் கட்டுகளை அடுக்கிக் கயிற்றால் இறுக்குவார். கோர்ட்டு வேப்பமரத்தடியில் கயிற்றை அவிழ்த்ததும் கோட்டு அடை போலத் தட்டையாக வெளியே வரும். அதை இரண்டு உதறு உதறி மாட்டிக்கொண்டால் வக்கீல் தயார்.

வழக்குகளை அவர் நம்பர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. முருங்கைமரத்துக் கேஸ், ஆட்டுக்குட்டிக் கேஸ், மாமியார் பரண் கேஸ் என்றுதான் பேர். ஒரு தடவை நீதிபதியே வாய் தவறி, “மிஸ்டர் அருள்நாதன், அந்த முருங்கைமரத்துக்கு எப்ப வாய்தா?” என்று கேட்டுவிட, கோர்ட்டே கொல்லென்று சிரித்தது. இவர் மட்டும் சிரிக்காமல் எழுந்து தேதியைச் சொன்னார்.

எனக்கு அவர் பழக்கமானது தேசிகாச்சாரி வழியாக. தேசிகாச்சாரியும் வக்கீல், ஸ்ரீரங்கத்தில் எனக்கு அடுத்த வீடு. கோர்ட்டில் இருவரும் எதிரெதிரே நின்று கத்துகிற கத்தலைப் பார்த்தால் கைகலப்பு நிச்சயம் என்று தோன்றும். வெளியே வந்ததும் இவர் அவருக்குப் பொடி டப்பியை நீட்டுவார். “ஓய் அருள்நாதன், நீர் கேட்ட கடைசிக் கேள்வி சுத்த அயோக்யத்தனம்” என்பார் அவர், பொடியை உறிஞ்சிக்கொண்டே. “நீங்க சொல்லிக் கொடுத்ததுதாங்க” என்பார் இவர். கட்சிக்காரர்கள் இதைப் பார்த்துத் திருதிருவென்று விழிப்பார்கள்.

வையம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் காட்டுக் குடும்பம் அவருடையது. அப்பா இன்னாசி சோளமும் கடலையும் போட்டவர். ஒரே பையனைத் திருச்சிக்குப் படிக்க அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பமே அந்தோணியார் கோயிலுக்குள் பூசை கண்டுகொண்டிருக்க, இன்னாசி மட்டும் வெளியே புளியமரத்தடியில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருப்பாராம். “எங்கப்பா ஏன் உள்ள வர மாட்டாருன்னு சின்ன வயசுல கேட்டேன். எங்கம்மா என் வாயிலயே ஒண்ணு போட்டாங்க” என்று ஒருமுறை சொன்னார். அம்மாவைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவார். அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தால் பொடி டப்பியைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

அம்மா காலமான கையோடு அவர் செய்த ஒரு காரியம் ஊரையே மூக்கில் விரல் வைக்கச் செய்தது. இன்னாசி தம் பங்காளியோடு வழக்காடி ஜெயித்த காடு ஒன்று உண்டு. அதை அந்தப் பங்காளியின் மகன் சவரிராயன் பேருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். “வக்கீலுக்குப் படிச்சவன் ஜெயிச்ச காட்டத் திருப்பிக் கொடுப்பானா? மூளை கலங்கிப் போச்சு” என்றது உறவு. சவரிராயன் இன்றும் அறுவடை முடிந்ததும் ஒரு மூட்டைக் கடலையோடு பஸ்ஸில் வந்து இறங்குகிறார். ஏன் கொடுத்தீர்கள் என்று அவரும் கேட்டதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் வீட்டில் கரண்டு போனால் அரிக்கேன் விளக்குத்தான். கிறிஸ்தவர் வீட்டில் மெழுகுவர்த்திக்கா பஞ்சம் என்று நான் கேட்டதற்கு, அவருடைய மனைவி லூர்தம்மாள் சிரித்தார். “நீங்க வேற! இவரு மெழுகுதிரியக் கையால தொட மாட்டாருங்க. மெழுகுதிரித் திருநாளுக்கு இவருக்கும் சேத்து வருஷா வருஷம் ரெண்டு வாங்குவேன். இவரு கைய கோட்டுப் பையில விட்டுக்கிட்டு வருவாரு. ரெண்டையும் நானே தூக்கிக்கிட்டுக் கோயிலச் சுத்தி வருவேன். பாக்கறவங்க எனக்கு என்ன நேர்த்திக்கடனோன்னு நெனைப்பாங்க” என்றார். சூடு ஒத்துக்கொள்ளாத உடம்போ என்னவோ என்று நான் அதை அப்போது விட்டுவிட்டேன்.

தொழிலிலும் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நம் பக்கத்துக் கோர்ட்டுகளில் சத்தியத்துக்கு விடுவது என்று ஒரு முறை இருக்கிறது. சாட்சியும் பத்திரமும் இல்லாத வழக்கில் ஒருவர், “அவன் எங்க சாமி முன்னால சத்தியம் பண்ணட்டும், நான் வழக்க விட்டுடறேன்” என்று சொல்லலாம். எதிராளி சரி என்றால் கோர்ட்டு ஒரு கமிஷனரைக் கோயிலுக்கு அனுப்பும். சத்தியம் செய்துவிட்டால் வழக்கு அவன் பக்கம், அதற்கு மேல் பேச்சில்லை. மற்ற வக்கீல்களுக்கு இது வேலை மிச்சம். அருள்நாதனிடம் யாராவது இந்தப் பேச்சை எடுத்தால் போதும், கட்டை மூடிக் கயிற்றைச் சுற்றிவிடுவார். “அதுக்கு நான் ஆள் இல்லீங்க. வேற வக்கீலப் பாத்துக்குங்க.” காரணம் கேட்டால் சொல்ல மாட்டார்.

அப்படிப்பட்டவரிடம்தான் திருவெள்ளறையிலிருந்து வீரம்மாள் வந்தாள். புருஷன் வெள்ளைச்சாமி செத்து வருஷம் திரும்பவில்லை. அவன் தம்பி பெரியண்ணன், ஓடைக்கரைக் கொல்லை தன் பாகம் என்று சொல்லி ஏரைப் பூட்டிவிட்டான். அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டது வாய்ப்பேச்சில், ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள் இரண்டு வீட்டோடும் புழங்க வேண்டியவர்கள், சாட்சிக்கு வர மறுத்துவிட்டார்கள். அந்தக் கொல்லை போனால் அவளுக்கும் அவள் இரண்டு பெண்களுக்கும் கூலி வேலைதான் கதி.

வக்கீல் வழக்கமான கேள்வியைக் கேட்டார். “எங்கிட்டப் பொய்யி இல்ல சாமி, கோவந்தான் இருக்கு” என்றாள் வீரம்மாள். அன்றைக்கு அங்கே நானும் உட்கார்ந்திருந்தேன். வக்கீல் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கட்டின் மேல் ‘ஓடைக்கரைக் கேஸ்’ என்று எழுதினார்.

அந்தக் கோபம்தான் அவளைக் கவிழ்த்தது. பெரியண்ணனுக்குத் தேசிகாச்சாரி. குறுக்கு விசாரணையில் அவர் குடைந்த குடைச்சலில் வீரம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. கூண்டுக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே நீதிபதியைப் பார்த்துக் கத்தினாள்: “சாமி, அவன் எங்க ஊரு அம்மன் முன்னால கற்பூரத்த அணைச்சு, இது என் கொல்லைன்னு சொல்லட்டும்! அப்பறம் நான் இந்தக் கோர்ட்டுப் படி ஏற மாட்டேன்! சொல்லச் சொல்லுங்க, அவனால முடியாது!”

அருள்நாதன் துள்ளி எழுந்தார். “யுவர் ஆனர், என் கட்சிக்காரம்மா ஆத்திரத்துல...” ஆனால் அதற்குள் பின்னாலிருந்து பெரியண்ணன், “பண்றேங்க” என்று சொல்லிவிட்டான். நீதிபதி வீரம்மாளிடம் இன்னொரு தடவை தெளிவாகக் கேட்டார். அவள் “ஆமாங்க” என்றாள். எழுதியாகிவிட்டது, கமிஷனரையும் போட்டாகிவிட்டது.

வேப்பமரத்தடியில் அருள்நாதன் அவளைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. “என்ன காரியம்மா பண்ணிட்ட? அவன் அணைச்சிட்டா?”

“அணைக்க மாட்டாங்க. அந்த அம்மன் முன்னால எவனும் பொய் சொன்னதில்ல. கை வெந்துரும்.”

“வேகாதும்மா” என்றார் வக்கீல். “அப்ப ஒண்ணும் ஆகாது. அதுதான் வெனையே.”

அவளுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். அவர் கோட்டைக் கழற்றி கேரியரில் வைக்கக்கூட மறந்து, அதை மாட்டிக்கொண்டே சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

சத்தியத்துக்குக் குறித்த நாளில் தேசிகாச்சாரியின் பழைய காரில் நாங்கள் மூவரும் போனோம். வேடிக்கை பார்க்கும் ஆசையில் நானும் தொற்றிக்கொண்டேன். காரிலிருந்து இரண்டு பக்கத்து வக்கீல்களும் ஒன்றாக இறங்கியதைப் பார்த்து ஊர்க்காரர் ஒருவர், “ரெண்டு பேரும் ஒரே வண்டியில வந்தா கேஸு வெளங்கினாப்புலதான்” என்று சத்தமாகவே சொன்னார். அருள்நாதன் அதற்கும் சிரிக்கவில்லை. வழியெல்லாம் அவர் பொடிகூடப் போடவில்லை.

ஊர்க் கோடியில் சின்ன அம்மன் கோயில், எதிரே வெட்டவெளி. கமிஷனராக வந்த இளம் வக்கீல் குடையை மடக்கிக்கொண்டு நின்றார். சன்னதிக்கு முன்னால் ஒரு கல், கல்மேல் கற்பூரக் கட்டி. பெரியண்ணன் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தான். பார்த்தால் வம்புக்காரன் மாதிரியே இல்லை. பெண்டாட்டி பிள்ளையோடு உழுது சாப்பிடுகிற சாதாரண மனிதன்தான். அவன் மகன், பத்துப் பன்னிரண்டு வயசுப் பையன், அப்பாவின் துண்டை வாங்கி வைத்துக்கொண்டு நின்றான். எதிர்ப்பக்கம் வீரம்மாள் கைகளை இறுகக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் முன்பிருந்த தைரியம் இல்லை. கொழுந்தன் இவ்வளவு தூரம் வந்து நிற்பான் என்று அவள் நினைக்கவே இல்லை.

பூசாரி கற்பூரத்தை ஏற்றினார். “இது என் கொல்லைன்னு சொல்லிட்டுக் கையால அணைக்கணும்” என்றார் கமிஷனர். பெரியண்ணன் கையை நீட்டினான்.

“பெரியண்ணன், ஒரு வார்த்தை” என்று குரல் வந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு அருள்நாதன் முன்னால் வந்துவிட்டார்.

கமிஷனர் பதறினார். “சார், எதிர்க் கட்சிக்காரர்கிட்ட நீங்க பேசறது முறையில்ல. தேசிகாச்சாரி சார், நீங்க ஆட்சேபிக்கலையா?”

தேசிகாச்சாரி ஒரு கணம் நண்பரின் முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டென்று திரும்பி அந்த ஊர்ப் பெருமாள் கோயிலின் கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கைகூப்பினார். “நான் செந்தாமரைக்கண்ணனைச் சேவிச்சிண்டிருக்கேன். என் காதுல ஒண்ணும் விழலை” என்றார்.

“எங்கப்பா பேரு இன்னாசி” என்று ஆரம்பித்தார் அருள்நாதன். கோர்ட்டில் பேசுகிற குரலே இல்லை அது. “வையம்பட்டிப் பக்கம். பங்காளியோட ஒரு காட்டுக்கு வழக்கு. காகிதம் கெடையாது, சாட்சி கெடையாது. அவங்க சொன்னாங்க, ‘கோயில்ல அந்தோணியாருக்கு முன்னால மெழுகுதிரியப் பிடிச்சு எங்காடுன்னு சொல்லட்டும், விட்டுடறோம்’னு. எங்கப்பா நல்ல மனுஷங்க. அடுத்தவன் வரப்புல புல்லுகூடப் புடுங்க மாட்டாரு. அதனாலதான் அவங்களும் தைரியமாச் சொன்னாங்க. எங்கப்பா பிடிச்சாரு. சொன்னாரு. ஜெயிச்சாரு. ஒண்ணும் ஆகல. கை வேகல. காடு நல்லா வெளைஞ்சுது. அதுலதான் நான் படிச்சேன். இந்தா, இந்தக் கோட்டு அதுல வந்ததுதான்.”

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

“சாகுற நேரத்துல எங்கள்ல ஒரு வழக்கம். மெழுகுதிரியக் கொளுத்திக் கையில பிடிக்கக் கொடுப்போம். எங்கம்மா கொடுத்தாங்க. அப்பா கைய மூடிக்கிட்டாரு. நான் பக்கத்துல உக்காந்து வெரலப் பிரிச்சுப் பாத்தேன், முடியல. அப்பிடியே போயிட்டாரு. அன்னிக்குத்தான் எனக்கு அந்தக் காடு யாருதுன்னு தெரிஞ்சுது.” கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “உங்களப் பொய்யன்னு நான் சொல்லலீங்க. உங்க கொல்லைதான்னா நல்லா அணைங்க, இந்தம்மாவ நான் கூட்டிக்கிட்டுப் போயிடறேன். இல்லன்னா வேணாம். இவங்களுக்காகச் சொல்லல. என்னிக்காவது ஒரு நா ஒங்க பையன் பக்கத்துல உக்காந்து ஒங்க கையப் பிரிச்சுப் பாப்பான்.”

பெரியண்ணன் துண்டோடு நின்ற மகனைத் திரும்பிப் பார்த்தான். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கீழே போகவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. கற்பூரம் சின்னதாகி, நீலமாகி, கல்லில் ஒரு கறுப்புப் பொட்டை விட்டுவிட்டுத் தானாகவே தீர்ந்துபோனது.

“இன்னொண்ணு ஏத்தச் சொல்லவா?” என்றார் கமிஷனர் மெதுவாக.

“வேணாங்க” என்றான் பெரியண்ணன். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே, “அண்ணி, உழவு ஓட்டிட்டேன். வெதைய நீ போட்டுக்க” என்றான்.

“இதச் சொல்ல இத்தன நாளாடா ஒனக்கு, பாவி!” என்று வீரம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அவன் பெண்டாட்டி ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பெண்களும் சேர்ந்து அழுதார்கள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் என்ன வெட்கம்?

அடுத்த வாய்தாவில் தேசிகாச்சாரியே சமரச மனுவை எழுதிக் கொடுத்தார். அவர் கட்சிக்காரன் தோற்றதில் அவருக்குத் துளி வருத்தமில்லை. வருத்தமெல்லாம் வேறு விஷயத்தில். அன்றைக்குத் திரும்பி வருகையில் கொள்ளிடப் பாலத்தின்மேல் வந்ததும் காரிலேயே பொருமினார்.

“ஏன்காணும், இத்தனை வருஷமா என் டப்பியிலே நீரும் உம்ம டப்பியிலே நானும் பொடி போடறோம். நேக்கு ஒரு வார்த்தை சொல்லலையே!”

“நீங்க கேக்கலீங்களே.”

“வரவாளையெல்லாம் உங்க பொய்யைச் சொல்லுங்கோன்னு குடையறவர் நீர். உம்மை அப்படிக் கேக்கணும்னு யாருக்குங்காணும் தோணும்?”

அருள்நாதன் டப்பியைத் திறந்து அவரிடம் நீட்டினார். காரை ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு கையால் ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டார். கார் கொஞ்சம் வளைந்து நேரானது.

வீட்டில் லூர்தம்மாளுக்கு அன்றுதான் விஷயம் தெரியுமா, முன்பே தெரியுமா என்பது எனக்குத் தெரியாது. புருஷன் பெண்டாட்டி சமாசாரம், நான் கேட்கவில்லை. கட்சிக்காரர்களிடம் அவருடைய கேள்வி மட்டும் கொஞ்சம் மாறியிருக்கிறது. “மொதல்ல உங்க பக்கத்துப் பொய்யச் சொல்லிடுங்க” என்று தொடங்கி, வந்தவர் முகம் சுண்டினால், “பரவால்ல, எல்லார் வீட்டுலயும் ஒண்ணு இருக்கும், எங்க வீட்டுலயும் இருந்துச்சு” என்று சேர்த்துக்கொள்கிறார். ரோஷப்பட்டு எழுந்து போகிறவர்கள் இப்போது குறைவு.

போன தை மாதம் தேசிகாச்சாரி வீட்டில் கல்யாணம். அருள்நாதன் தம்பதியைக் கையோடு அழைத்துப் போகலாம் என்று காலையிலேயே மேலப்புதூருக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. கோயிலில் மெழுகுதிரித் திருநாள் என்று அடுத்த வீட்டில் சொன்னார்கள். போய் மதிலோரமாக நின்றேன். மந்திரித்த மெழுகுவர்த்திகளைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் பாடியபடி கோயிலைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். தைக் காற்று வேறு, சுடர்கள் படுத்துப் படுத்து எழுந்தன.

கூட்டத்தின் கடைசியில் லூர்தம்மாள், வழக்கம்போலக் கைக்கு ஒன்றாக இரண்டு மெழுகுவர்த்திகளோடு. பக்கத்தில் அந்தப் பெரிய கோட்டு, பைகளுக்குள் இரண்டு கைகள். கோயில் மூலை திரும்பும் இடத்தில் காற்று ஒரு அடி அடித்து அம்மாளின் ஒரு திரியை அணைத்துவிட்டது. மற்றதிலிருந்து அதைப் பற்றவைத்தார். பற்றியது, உடனே மறுபடியும் சாயத் தொடங்கியது. இரண்டு கையிலும் மெழுகுவர்த்தி இருக்க, மறைத்துப் பிடிக்க அவருக்குக் கை ஏது?

அருள்நாதன் நின்றார். கோட்டுப் பையிலிருந்து வலது கையை எடுத்து, அணையப் போன அந்தத் திரியை மனைவியிடமிருந்து வாங்கினார். பிறகு இடது கையையும் எடுத்து, உள்ளங்கையைக் குவித்துச் சுடருக்கு அணை கொடுத்துக்கொண்டு, அதையே பார்த்தபடி மெல்ல நடந்தார்.